மொய் எழுதினோம், மணம் எழுதவில்லை

மதுரையிலோ கொடைக்கானலிலோ மோதிரம் மாற்றிய ஒரு துரையின் கல்யாணத்தை அவருடைய கொள்ளுப்பேரன் இன்றைக்கும் தேடி எடுக்க வழி இருக்கிறது. சென்னை மாகாணத்துத் தேவாலயங்களின் திருமண, ஞானஸ்நான, அடக்கப் பதிவுகளுக்கு நகல் எடுத்து லண்டனுக்கு அனுப்பினார்கள். 1698 முதலான அந்த ஏடுகள் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. அதே காலத்தில் தேயிலைத் தோட்டத்துக்குக் குரங்கணிப் பாதையில் மலையேறிப் போன நம் கொள்ளுப்பாட்டிக்கு எந்த வருஷம் தாலி ஏறியது, அவள் எந்த ஊர்ப் பெண், அது அவளுக்கு முதல் கல்யாணம்தானா என்று கேட்டால் நாம் முழிக்கிறோம்.

ஆண்ட வெள்ளைக்காரன் எழுதிக்கொண்டான், நமக்கு எழுத்து ஏது என்று தப்பிக்க முடியாது. டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்கு ரோப்வேயில் இறங்கிய தேயிலைப் பெட்டிக்குக் கணக்கு இருந்தது. போடியில் ஏலக்காய் எடைக்கும் விலைக்கும் கணக்கு இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக நம் வீட்டிலேயே மொய் நோட்டு இருந்தது. தாய்மாமன் செய்முறை, பிறகு ஊர், பேர், தொகை என்று யார் யாருக்கு என்ன உறவு என்பதைச் சொல்ல அதைவிட நல்ல ஆவணம் கிடையாது. கடன் திரும்பியதும் அதைப் பழைய பேப்பர் கடையில் போட்டோம். வைத்திருந்த காலத்திலும் பணத்துக்காகத்தான் வைத்திருந்தோம்.

சட்டமும் நமக்கு வழி விட்டே வந்தது. கிறிஸ்தவத் திருமணப் பதிவுக்கு 1872 சட்டம் உண்டு. பள்ளிவாசலில் நிக்காஹ் தப்தர் உண்டு. 1955 இந்து திருமணச் சட்டத்தின் 8ஆம் பிரிவு பதிவுக்கு இடம் கொடுத்தது. கட்டாயமில்லை என்றதும் நாம் அந்தப் பக்கமே போகவில்லை. 1967இல் அண்ணா அரசு சுயமரியாதைத் திருமணத்தைச் சட்டமாக்கியபோது புரோகிதரை விட்டவர்களும் பதிவேட்டைத் தேடவில்லை. 2009 நவம்பர் 24 முதல் தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களுக்கும் பதிவு கட்டாயம். இன்றும் பாஸ்போர்ட், விசா என்று வந்தால்தான் பலருக்குச் சார்பதிவாளர் அலுவலகம் நினைவுக்கு வருகிறது.

கல்யாணத்தையாவது சோம்பலில் விட்டோம். அத்துவிட்டதை வேண்டுமென்றே மறைத்தோம். மதுரைச் சீமையில் அத்துவிடுவதும் மறுபடி கட்டுவதும் பல சமூகங்களில் சாதாரண நடப்பு. சபை முன் துரும்பு கொடுத்தால் தீர்ந்தது என்ற வழக்கத்தை இனவரைவியலாளர் தர்ஸ்டன் 1909இல் அச்சிட்டே வைத்தார். கோர்ட் வழியாக விவாகரத்து பெற 1949 சென்னை மாகாணச் சட்டம் வழி செய்தது. 1955 சட்டமோ, வழக்கப்படி தீர்த்துக்கொள்ளும் உரிமையை 29ஆம் பிரிவில் அப்படியே விட்டுவைத்தது. ஊர்ப் பேச்சில் தீர்ந்தவற்றுக்குக் காகிதம் இல்லை. முத்திரைத்தாளில் எழுதிப் பதிந்த சில, சார்பதிவாளர் அலுவலகத்தின் நான்காம் புத்தகத்தில் கிடக்கும். அதன் நகல் எழுதிக்கொடுத்தவருக்கும் எழுதி வாங்கியவருக்கும் அவர்களுடைய பிரதிநிதிகளுக்கும் மட்டுமே கிடைக்கும். பேத்தி கேட்கப் போனால் பாட்டியின் பெயரும் பத்திரம் எழுதிய வருஷமும் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பெயரைத்தான் நாம் சொல்லாமல் விட்டோம். ‘மூத்தகுடியாள்’ என்று ஒரு சொல்லில் அவளை முடித்துவிட்டு, அவள் எங்கே போனாள், யாரைக் கட்டினாள், பிள்ளைகள் உண்டா என்று விசாரிப்பதைக் கௌரவக் குறைச்சலாக நினைத்தோம். வாரிசுச் சான்றிதழ் தகராறு வந்தபோது மட்டும் அவளை ஞாபகப்படுத்திக்கொண்டோம்.

மாநில எல்லையும் இந்தக் குழப்பத்தோடு சேர்ந்துகொண்டது. திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த தேவிகுளமும் பீர்மேடும் 1956இல் கேரளத்தோடு நின்றன. இங்கே பழைய மாவட்டம் மதுரை, அங்கே கோட்டயம். மேலே தோட்டத்தில் தாலி கட்டிக் கீழே ஊரில் தீர்த்துக்கொண்ட ஒரு குடும்பத்தின் கதையைப் பிடிக்க இரண்டு மாநிலமும் இரண்டு மொழியும் தாண்ட வேண்டும். யாரும் தாண்டவில்லை.

இது வெறும் பழம்பெருமைச் சமாச்சாரம் என்று ஒதுக்கவும் வழியில்லை. 2006 வன உரிமைச் சட்டப்படி, பழங்குடி அல்லாத வனவாசிகள் 2005 டிசம்பர் 13க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, காட்டை நம்பி அங்கேயே வாழ்ந்ததைக் காட்டியாக வேண்டும். பழைய ஆவணத்தில் உள்ள முன்னோரோடு இணைக்கும் வம்சாவளியும் பெரியவர்களின் வாக்குமூலமும் அதற்கு ஆதாரமாகச் செல்லும். காடும் தோட்டமும் ஒட்டிக் கிடக்கிற இந்தப் போடி மலைச்சரிவில் ஒரு கல்யாண வருஷம்கூடப் பிழைப்பைக் காக்கும் சாட்சி. அதை விட்டுத் தொலைத்தது நாம்தான்.

இனி செய்ய வேண்டியது சிறியது. எண்பது வயது அப்பத்தாக்கள் இருக்கிற வீடுகளில் உட்கார்ந்து கேட்க வேண்டும்: யார், எந்த ஊர், யார் மகள், எந்த வருஷம், எங்கே தாலி கட்டியது. அத்துவிட்டிருந்தால் அதையும், சபையில் இருந்தவர்கள் பெயரோடு எழுத வேண்டும். மூத்தகுடியாளின் பெயரைச் சொல்ல அந்த அப்பத்தா தயங்கினால், அந்தத் தயக்கத்தை அவளுக்குக் கற்றுக்கொடுத்ததும் நாம்தான் என்பதை ஒப்புக்கொண்டு மறுபடியும் கேட்க வேண்டும்.