பெட்டியை மட்டும் பிரித்தால் போதுமா?

எங்கள் கடையநல்லூரில் அந்தக் காலத்தில் சிங்கப்பூருக்கும் மலேயாவுக்கும் சபர் போனார்கள்; இப்போது சவூதி, துபாய். வளைகுடா விசாவுக்கு எச்.ஐ.வி. சோதனை கட்டாயம். சரி, ஊர் திரும்பும்போது? பெட்டியைப் பிரித்துப் பார்க்கிறோம், ரத்தத்தைப் பார்க்கிறோமா? உள்நாட்டு வியாபாரிக்கோ எந்தச் சோதனையும் கிடையாது.

என் கூட்டாளி ஒருவர் துணி வியாபாரத்துக்கு பம்பாய் போய் வருவார். மவுத்தானபோது 'மஞ்சள் காமாலை' என்றார்கள். ஆறு மாதத்தில் வீட்டோடு இருந்த மனைவிக்கும் அதே நோய். ஊர் யாரை ஏசியது தெரியுமா? அந்தப் பெண்ணை! உண்மை தெரிந்தும் நான் வாய் திறக்கவில்லை. இன்றும் அது உறுத்துகிறது.

போகிறவர்கள் எல்லாரும் தப்பானவர்கள் என்று சொல்லவில்லை. ஆனால் ஆணுறை, சோதனை என்று பேச்செடுத்தாலே 'வெட்கக்கேடு' என்கிறார்கள் பெரியவர்கள். ஒன்றுமறியாத மனைவிக்கு நோயைக் கொடுப்பதல்லவா வெட்கக்கேடு?

அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் சோதனை இலவசம். விவரம் வெளியே போகக்கூடாது என்று 2017ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. கூட்டு மருந்தும் இலவசம். விடாமல் சாப்பிட்டால் நெடுநாள் வாழலாம். விவரம் கேட்க 1097 எண் இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லாமல் வேறு யார் சொல்வது?