உடம்பையும் மனதையும் காப்பது சங்க வேலையே



சங்கக் கூட்டம் என்றால் நாம் பேசுவது சம்பளம், பேர், கிலோ, சந்தா. அதில் பிழை எதுவும் இல்லை. மலையகத் தோட்டங்களில் நாட்சம்பளம் 1,000 ரூபா ஆவதற்கு 2021 வரை காத்திருந்தோம். 1,350 ரூபா ஆவதற்கு 2024 வரை காத்திருந்தோம். இரண்டும் தானாக வந்தவை அல்ல. ஆனால் அந்தச் சம்பளத்தை உழைத்து எடுக்கும் உடம்பைப் பற்றி நமது கூட்டங்களில் எத்தனை தடவை பேசியிருக்கிறோம்? இடுப்பு வலியை வயதின் கோளாறு என்கிறோம். தூக்கம் வராததை வீட்டுப் பிரச்சினை என்கிறோம். வலியை ஆளாளுக்குப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு, சம்பளத்துக்கு மட்டும் ஒன்றாகக் கூடுகிறோம். இந்த இதழின் தலையங்கம் அந்த வலியைப் பற்றியது.

பேராதனையில் தொடங்கும் ஏ5 வீதி நுவரெலியா, பதுளை, பசறை, லுணுகலை, பிபிலை, மகா ஓயா என்று மலையிறங்கி வந்து நமது செங்கலடிச் சந்தியில் முடிகிறது. 1977ஆம், 1983ஆம் ஆண்டு வன்செயல்களுக்குப் பின் மலையகக் குடும்பங்கள் பல கிழக்கு மாகாணத்துக்கு வந்து குடியேறின. அந்த வீதியின் ஒரு முனையில் கொழுந்துக் கூடையின் கயிறு தலையை அழுத்துகிறது. மறுமுனையில் தென்னந்தோட்டத்தில் தேங்காய் உரிப்பவரின் தோளும் மணிக்கட்டும் தேய்கின்றன. மரமுந்திரி உடைப்பவரின் விரல்களை ஓட்டின் பால் சுடுகிறது. வேலை வேறு வேறு. தேய்வது ஒரே உடம்பு.

"உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று எல்லோரும் நமக்குச் சொல்கிறார்கள். தண்ணீர் குடி, நன்றாகத் தூங்கு, சத்தானதைச் சாப்பிடு, கவலைப்படாதே. எல்லாம் நல்ல வார்த்தைகள்தான். ஆனால் ஒவ்வொன்றிலும் நமது கையில் இருக்கும் பாதி ஒன்று உண்டு. நாம் ஒன்றாகக் கேட்டால்தான் கிடைக்கும் மறுபாதியும் உண்டு. முதற் பாதியை மட்டும் சொல்லுகிறவர், வலிக்குக் காரணம் தொழிலாளியின் கவனக்குறைவுதான் என்று சொல்லாமல் சொல்லுகிறார். மறுபாதியை மட்டும் சொல்லுகிறவர், கோரிக்கை வெல்லும் நாள்வரை உடம்பைத் தேயவிடச் சொல்லுகிறார். நமக்கு இரண்டு பாதியும் வேண்டும்.

முதலில் தண்ணீர். கச்சான் காற்று வீசும் மாதங்களில் நமது பக்கத்து வெயில் எப்படிப்பட்டது என்று யாரும் நமக்குச் சொல்லத் தேவையில்லை. தாகம் எடுத்த பிறகு குடித்தால் போதாது. வேலை தொடங்கும் முன்னரே குடிக்க வேண்டும், பிறகு அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். சிறுநீர் கடும் மஞ்சளாகப் போனால் உடம்பில் தண்ணீர் குறைந்துவிட்டது என்று பொருள். இது நம் கையில் இருக்கும் பாதி. ஆனால் நமது சகோதரிகளில் பலர் போத்தலில் தண்ணீர் இருந்தும் குடிப்பதில்லை. ஏன்? குடித்தால் ஒதுங்க இடம் வேண்டும். மலையிலோ தோட்டத்திலோ மலசலகூடம் இல்லை. காலை முதல் மாலை வரை அடக்கிக்கொண்டு நின்று சிறுநீர்க் குழாயில் எரிவும் காய்ச்சலுமாக வைத்தியசாலைக்குப் போகிறார்கள். அங்கே கிடைக்கும் அறிவுரை, "தண்ணீர் நிறையக் குடியுங்கள்." வேலைத்தலத்தில் ஒரு மலசலகூடம் கட்டப்படாமல் இந்த அறிவுரை எப்படி உடம்பில் சேரும்?

தண்ணீர், ஓய்வு, நிழல் ஆகிய மூன்றும் சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். மத்திய அமெரிக்காவில் நிகரகுவா என்ற நாட்டில் சிச்சிகல்பா என்று ஒரு கரும்புப் பிரதேசம் இருக்கிறது. கொதிக்கும் வெயிலில் கரும்பு வெட்டிய இளம் ஆண்கள் சிறுநீரகம் கெட்டு அடுத்தடுத்து இறந்தார்கள். அங்குள்ள ஒரு குடியிருப்புக்கு விதவைகளின் தீவு என்றே பெயர் வந்தது. நோயுற்ற முன்னாள் தொழிலாளர் ஒன்றுகூடி, 2008இல் உலக வங்கிக் குழுமத்தின் முறைப்பாட்டு அலுவலகம் வரை போனார்கள். அதன் பிறகே ஆய்வுகள் வந்தன. பின்னர் வேலைக்கு இடையே கட்டாய ஓய்வு, நடமாடும் நிழற்கூடாரம், போதிய தண்ணீர் என்ற ஏற்பாடு கரும்புத் தோட்டங்களில் கொண்டுவரப்பட்டது. அது ஒழுங்காக நடந்த இடங்களில் வெட்டுவோரின் சிறுநீரகப் பாதிப்பு குறைந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நமது நாட்டிலும் வடமத்திய மாகாணத்து விவசாயிகளைச் சிறுநீரக நோய் எப்படித் தின்கிறது என்று அறிவோம். கரும்புத் தொழிலாளிக்கு அந்த நிழலை வாங்கிக் கொடுத்தது அவர்கள் ஒன்றுகூடியதுதான்.

அடுத்தது சாப்பாடு. நமது பெண்களிடம் களைப்பு, மூச்சு வாங்குதல், தலைசுற்றல் என்று கேட்கிறோம். இரத்தச்சோகையின் அடையாளங்கள் இவை. முருங்கையிலை, பொன்னாங்காணி, கௌபி, பயறு, நெத்தலி எல்லாம் நமக்குப் பழக்கமானவை. அவற்றோடு சிறிது தேசிக்காய்ப் புளி சேர்த்தால் இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும். ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். சாப்பாட்டோடு குடிக்கும் தேத்தண்ணீர் அந்த இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைத் தடுக்கும். சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். கர்ப்பிணித் தாய்மார் கிளினிக்கில் தரும் இரும்பு மாத்திரைகளைப் பெட்டிக்குள் வைத்துவிடாமல் விழுங்க வேண்டும். திரிபோஷா வந்தால் அதைத் தாயும் சாப்பிட வேண்டும். வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு சட்டியில் மிஞ்சியதைத் தாய் வழித்துச் சாப்பிடுகிற வழக்கத்தை ஆண் தோழர்கள்தான் முதலில் நிறுத்த வேண்டும். இதற்குத் துரையிடம் மனுக் கொடுக்கத் தேவையில்லை.

இடுப்புக்கும் முழங்காலுக்கும் செலவில்லாத சில பழக்கங்கள் உண்டு. சுமையைத் தூக்கும்போது இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடித்துத் தூக்குங்கள். கொழுந்து நிறுக்க வரிசையில் நிற்கும் நேரத்தில் தோளைப் பின்னால் சுழற்றுங்கள். கழுத்தை மெல்ல இரு பக்கமும் திருப்புங்கள், கைகளைத் தலைக்கு மேலே நீட்டுங்கள். தேங்காய் உரிப்பவர்கள் அரை மணிக்கொரு தடவை விரல்களை விரித்து மூடட்டும். முந்திரி உடைப்பவர்கள் கையில் தேங்காயெண்ணெய் பூசாமல் தொடங்க வேண்டாம். கையுறை கேட்பது உரிமை. வேலையில் அடிபட்டால் 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டம் இருக்கிறது. காயத்தை மறைத்து எண்ணெய் தடவிக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போனால் நட்டஈடும் போகும், கையும் போகும். அன்றைக்கே தலைவரிடம் சொல்லி எழுத்தில் பதியுங்கள்.

ஓய்வுக்கு வருவோம். 1886 மே மாதம் சிக்காகோவில் தொழிலாளர் இரத்தம் சிந்தியது எட்டு மணிநேர வேலைக்காக. மீதியில் எட்டு மணிநேரம் ஓய்வுக்கு, எட்டு மணிநேரம் நமக்கு என்பதும் அந்தக் கோரிக்கையின் உள்ளேயே இருந்தது. ஆண்டுதோறும் மே தினத்தில் கொடி ஏற்றுகிறோம். ஆனால் விடியுமுன் எழுந்து, தண்ணீர் அள்ளி, சமைத்து, பிள்ளையை அனுப்பி, மலைக்குப் போய், திரும்பி வந்து மீண்டும் அடுப்படிக்குள் போகும் பெண்ணுக்கு அந்த எட்டு மணிநேரம் எங்கே? விறகையும் தண்ணீரையும் ஆண்கள் எடுத்துக்கொண்டால் அவளுக்கு ஒரு மணிநேரத் தூக்கம் கூடும். பாலூட்டும் தாய்க்குச் சட்டமே நேரம் ஒதுக்கியிருக்கிறது. பிள்ளைக்கு ஒரு வயது ஆகும்வரை நாளுக்கு இரண்டு இடைவேளை. பிள்ளைக்காம்பிரா உள்ள இடத்தில் ஒவ்வொன்றும் அரை மணி, இல்லாத இடத்தில் ஒரு மணி. 2018இல் வந்த திருத்தத்தின்படி எத்தனையாவது பிள்ளையானாலும் பிரசவ விடுமுறை 84 நாள். கேட்டால் அரைப்பேர் போடுவார்கள் என்று பயந்து இந்த நேரத்தை விட்டுவிடும் தாய்மார் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டியது கிளைச் சங்கம்.

இனி மனம். உடம்பு வலியைச் சொல்ல வெட்கப்படாத நாம் மன வலியைச் சொல்ல வெட்கப்படுகிறோம். 1978 சூறாவளி, நீண்ட யுத்தம், 2004 சுனாமி என்று இந்த மட்டக்களப்பு மண் பட்டது கொஞ்சமல்ல. இன்றைக்கு அதோடு நுண்கடன் சேர்ந்திருக்கிறது. கிழமைக்கு ஒரு தடவை கடன் வசூலிக்க வரும் மோட்டார் சைக்கிள் சத்தத்தில் நெஞ்சு படபடக்காத வீடு எத்தனை? 2021இல் ஹிங்குராக்கொடையில் பெண்கள் நுண்கடனுக்கு எதிராக வீதியோரம் 55 நாள் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். தனித்தனியாக இருந்தபோது அது அவரவர் அவமானம். ஒன்றாக உட்கார்ந்தபோது நாடு கேட்கும் கோரிக்கையானது. கடன் பத்திரங்களைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு தூங்க முடியாது. அவற்றைக் கிளைச் செயலாளரிடம் கொண்டுவாருங்கள். வட்டியைச் சேர்ந்து கணக்குப் பார்ப்போம்.

கசிப்பு கவலையைத் தூங்கவைப்பது போலக் காட்டும். காலையில் கவலை இரண்டு மடங்காக எழும்பும், கையில் காசு பாதியாகும், அடி வாங்குவது வீட்டிலுள்ளவர்கள். நெஞ்சு அடைப்பது போல இருக்கும் நேரத்தில் அமைதியாக உட்கார்ந்து மூச்சை மெல்ல இழுத்து, அதைவிட மெல்ல விடுங்கள். பத்துத் தடவை செய்தால் படபடப்பு இறங்கும். அதன் பிறகு ஒருவரிடம் பேசுங்கள். அக்காவிடம், தலைவரிடம், குடும்பநல உத்தியோகத்தரிடம், யாரிடமாவது. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு இரவிலும் பகலிலும் பேசலாம். அவசரமென்றால் 1990 இலவச அம்புலன்ஸ்.

ஒரு கணக்கை எல்லோரும் தெரிந்திருக்க வேண்டும். 1995இல் இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்று அது. கடும் நஞ்சான பூச்சிகொல்லிகளும் களைகொல்லிகளும் படிப்படியாகத் தடை செய்யப்பட்ட பிறகு அது மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியது. மக்களின் துன்பம் அந்த அளவுக்குக் குறைந்துவிடவில்லை. துன்பம் தலைக்கேறும் அந்தச் சில நிமிடத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் நஞ்சு இருக்கவில்லை. அந்த நிமிடம் கடந்தால் மனிதர் வாழ்கிறார்கள். ஆகவே மருந்துப் போத்தலை வீட்டில் வைக்கக் கூடாது. தோட்ட ஸ்டோரில் பூட்டி வைக்கச் சொல்வது சங்கத்தின் கோரிக்கையாக வேண்டும்.

மனதுக்குக் கூட்டமும் ஒரு மருந்து. 1931இல் கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளருக்கென முதற் சங்கத்தைக் கட்டியபோது, மீனாட்சியம்மை கூட்டங்களில் பாடினார். பயந்து குனிந்திருந்த சனத்தை நிமிர்த்த அந்தப் பாட்டும் வேண்டியிருந்தது. மலையகத்தின் காமன் கூத்தும் தப்பும், மட்டக்களப்பின் வடமோடியும் தென்மோடியும், வைகாசியில் கண்ணகி அம்மன் குளிர்த்தியும் சனம் ஒன்றாகக் கூடி மனம் ஆறும் வழிகள். யுத்த காலத்தில் 1996இல் மட்டக்களப்பில் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில், மனம் உடைந்த பிள்ளைகள் களிமண்ணும் கதையும் விளையாட்டுமாக மெல்ல மெல்லப் பேசத் தொடங்கினார்கள். பெரியவர்களுக்கும் அப்படி ஓர் இடம் வேண்டும். மாதர் சங்கக் கூட்டம் அந்த இடமாகலாம்.

ஆகவே இந்த மாதக் கிளைக் கூட்டங்களில் சம்பளக் கணக்கோடு இந்த ஐந்தையும் நிகழ்ச்சி நிரலில் சேருங்கள். வேலைத்தலத்தில் குடிநீரும் நிழலும் உண்டா? பெண்களுக்கு மலசலகூடம் எவ்வளவு தூரத்தில்? பாலூட்டும் இடைவேளை கிடைக்கிறதா? நஞ்சு மருந்து எங்கே பூட்டப்படுகிறது? 35 வயது தாண்டியவர்களில் யார் யார் அரசாங்க வைத்தியசாலையின் ஆரோக்கிய வாழ்வு நிலையத்தில் சீனியும் அழுத்தமும் இலவசமாகப் பார்த்திருக்கிறார்கள்? பதில்களை எழுதி அனுப்புங்கள். "இல்லை" என்ற பதில் வந்த ஒவ்வொன்றும் அடுத்த பேச்சுவார்த்தையில் நமது கோரிக்கை.

கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போகும்போது, வராமல் விட்ட தோழரின் வாசலில் ஒரு நிமிடம் நின்று "சுகமா?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை நில்லுங்கள்.