48 மணி நேரக் கெடு! 11 ஆயிரம் பேர் வீட்டுக்கு!

சம்பளத்தைக் கூட்டச் சொன்னார்கள். வேலையே போயிற்று!

ஒருவர் இருவர் அல்ல. 11 ஆயிரத்து 345 பேர். ஒரே உத்தரவில் டிஸ்மிஸ்!

நடந்தது அமெரிக்காவில், 1981-ல். உத்தரவு போட்டவர் ஜனாதிபதி ரீகன். வேலை இழந்தவர்கள் விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் ஊழியர்கள்.

விமானம் என்றால் பைலட்டைத் தெரியும். பணிப்பெண்ணைத் தெரியும். இந்த ஆசாமிகளை யாருக்கும் தெரியாது. ரேடார் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, "நீ இந்த உயரத்தில் வா, நீ கொஞ்சம் பொறு, நீ இறங்கு" என்று வழி சொல்கிறவர்கள் இவர்கள்தான். தெருவில் டிராபிக் போலீஸ்காரர் கையைக் காட்டினால் பஸ் நிற்கும். வானத்தில் விமானத்தை நிறுத்தி வைக்க முடியுமா?

கேட்டது என்ன?

இவர்கள் சங்கத்தின் பெயர் "பாட்கோ". 1968-ல் தொடங்கிய சங்கம். எல்லோருக்கும் ஆண்டுக்கு 10 ஆயிரம் டாலர் சம்பள உயர்வு கேட்டார்கள். வாரம் 40 மணி வேலையை 32 மணியாகக் குறை என்றார்கள். பென்ஷனையும் கூட்டிக் கேட்டார்கள்.

பெரிய கோரிக்கைதான். அப்போதே இவர்களுக்குச் சராசரியாக ஆண்டுக்கு 33 ஆயிரம் டாலர் சம்பளம். "இவ்வளவு வாங்கியும் போதவில்லையா?" என்று மற்றத் தொழிலாளிகளே முணுமுணுத்தார்கள். சங்கத்துக்கு விழுந்த முதல் அடி அதுதான்.

ஆனால், வேலை எப்படிப்பட்டது? இந்த வேலையில் சேருகிறவர்கள் 56 வயதில் கட்டாயம் ஓய்வு பெற வேண்டும் என்று 1972-லேயே சட்டம் வந்துவிட்டது. மற்றவர்களுக்கு முன்பே பென்ஷன் வாங்கிக் கொண்டு போகவும் அதில் வழி உண்டு. அதாவது, இந்த வேலை ஆளை உருக்கிவிடும் என்பதை அரசாங்கமே ஒப்புக் கொண்டிருந்தது.

ஓட்டுப் போட்ட கை!

இதில் ஒரு வேடிக்கை. 1980 தேர்தலில் இந்தச் சங்கம் ஆதரித்தது ரீகனைத்தான்! பழைய கருவிகளை மாற்றுவேன், ஆள் பற்றாக்குறையைச் சரி செய்வேன் என்று சங்கத் தலைவருக்கு அவர் கடிதமே எழுதிக் கொடுத்திருந்தார். போதாததற்கு, ரீகனும் ஒரு காலத்தில் தொழிற்சங்கத் தலைவர். ஹாலிவுட் நடிகர் சங்கத்தை நடத்தியவர். 1960-ல் வேலைநிறுத்தமும் செய்தவர்.

"நம்ம ஆள்" என்று நம்பினார்கள். 1981 ஜூனில் சங்கத் தலைவர் போலியும் அரசாங்கமும் ஓர் ஒப்பந்தம் செய்து கொண்டார்கள். "இது போதாது" என்று உறுப்பினர்களில் 100-க்கு 95 பேர் அதைத் தள்ளிவிட்டார்கள்.

ஆகஸ்டு 3-ந்தேதி காலை. ஏறத்தாழ 13 ஆயிரம் பேர் வேலைக்குப் போகவில்லை.

சில மணி நேரத்தில் ரீகன் நிருபர்கள் முன் வந்தார். "48 மணி நேரத்தில் திரும்பாவிட்டால் வேலை இல்லை" என்றார். மத்திய அரசு ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்வது அங்கே குற்றம். "செய்ய மாட்டேன்" என்று கையெழுத்துப் போட்டுத்தான் வேலையிலேயே சேருகிறார்கள்.

சும்மா மிரட்டுகிறார் என்று நினைத்தார்கள். மிரட்டல் அல்ல! 5-ந்தேதி சீட்டு கிழிந்தது.

மேலதிகாரிகள், ராணுவக் கட்டுப்பாட்டாளர்கள், வேலைநிறுத்தத்தில் சேராதவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். முதலில் பாதி விமானங்கள் ஓடின. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூடின. சங்கத்துப் பிரமுகர்கள் சிலர் சிறைக்குப் போனார்கள். செப்டம்பரில் வாஷிங்டனில் தொழிற்சங்கங்கள் லட்சக்கணக்கில் திரண்டு ஊர்வலம் நடத்தின. என்ன பயன்? பைலட்டுகள் விமானம் ஓட்டிக் கொண்டுதானே இருந்தார்கள்! அக்டோபரில் பாட்கோவின் அங்கீகாரமும் ரத்து ஆயிற்று.

12 ஆண்டு வனவாசம்

சட்டத்தை மீறினார்கள், தண்டனை கிடைத்தது. அதில் வாதத்துக்கு இடம் இல்லை. கெடுவும் கொடுத்தார்கள். ஆனால், இனி ஆயுள் முழுக்க அந்த வேலைக்கு வரக்கூடாது என்று கதவைச் சாத்தினார்களே, அது எந்த ஊர் நியாயம்? கொலைக் குற்றவாளிக்குக்கூட விடுதலை தேதி உண்டு. இவர்களுக்கு அந்தத் தடையை நீக்க 1993-ல் கிளிண்டன் வர வேண்டியிருந்தது. 30 வயதில் வீட்டுக்குப் போனவனுக்கு அப்போது 42 வயது. எத்தனை பேர் திரும்பிப் போக முடியும்?

நஷ்டம் சர்க்காருக்கும்தான். இந்த வேலையைப் பழகவே வருடக்கணக்கில் ஆகும். போன கைகளுக்குப் பதில் புதுக் கைகளைத் தயார் செய்வதற்குள் பல ஆண்டுகள் ஓடிவிட்டன.

1987-ல் புதுச் சங்கம் பிறந்தது. வேலைநிறுத்த உரிமை அதற்கும் கிடையாது. வேலைநிறுத்தம் கூடாது என்றால், குறையைக் கேட்டுத் தீர்க்க ஒரு ஏற்பாடாவது ஒழுங்காக இருக்க வேண்டாமா? அதைவிடு, மாதச் சம்பளமாவது ஒழுங்காக வர வேண்டாமா?

2025 அக்டோபரில் அமெரிக்க அரசாங்கம் பட்ஜெட் தகராறில் முடங்கியது. 43 நாள்! ஆனாலும் இந்த ஊழியர்கள் வேலைக்கு வந்தாக வேண்டும். சம்பளமோ கைக்கு வரவில்லை. சிலர் டியூட்டி முடிந்து வாடகைக் கார் ஓட்டிப் பிழைத்தார்கள். சிலர் லீவு போட்டார்கள். ஆள் இல்லாமல் 40 பெரிய விமான நிலையங்களில் விமானங்களைக் குறைக்க உத்தரவு போட வேண்டி வந்தது.

பிறகு பாக்கிச் சம்பளம் வந்தது. கூடவே ஓர் இனாமும் அறிவித்தார்கள். ஒரு நாள்கூட லீவு போடாமல் வந்தவர்களுக்கு ஆளுக்கு 10 ஆயிரம் டாலர்! 1981-ல் சங்கம் கேட்ட அதே தொகை.

கிடைத்தது 776 பேருக்கு. சம்பளம் வராத நாளில், பெட்ரோலுக்குக் காசில்லாமல் ஒரே ஒரு நாள் வீட்டில் இருந்தவனுக்குக்கூட அதில் ஒரு டாலர் கிடையாது.