இல்லத் திரையில் தீப தரிசனம்

திருக்கார்த்திகை நெருங்கும் வேளையில், முதியோர் உள்ள இல்லங்களில் ஒரு கேள்வி எழும். அண்ணாமலைக்குச் செல்ல இயலாதவர்கள் தீபத்தை எவ்விதம் காண்பது? கேபிள் இணைப்பு இருந்த காலத்தில் இக்கேள்விக்கு இடமில்லை. இன்றோ பல வீடுகளில் அதைத் துண்டித்துவிட்டு, தொலைக்காட்சியின் பின்புறம் விரல் நீள 'ஸ்டிக்' ஒன்றைச் செருகியிருக்கிறார்கள். பெரும்பாலும் அயல்நாட்டிலுள்ள பிள்ளைகள் வாங்கித் தந்தது. திரைப்படங்கள் அதில் குவிந்து கிடக்கின்றன. நேரலை எங்கிருக்கிறது என்பதுதான் தெரிவதில்லை.

மேற்கு மாம்பலத்தில் வசிக்கும் ஓர் அம்மையாருக்கு நேர்ந்ததும் இதுவே. ஆண்டுதோறும் கிரிவலம் சென்றுவந்த அவருடைய கணவர், பக்கவாதத்தால் படுக்கையில் இருக்கிறார். அவருக்குச் சென்ற ஆண்டு தீபத்தைத் திரையிலாவது காட்டிவிட எண்ணி, அம்மையார் கடைத்தெருவில் விசாரித்தார்.

"ஆயிரத்து ஐந்நூறு கொடுங்கம்மா. எல்லாச் சேனலும் ஆயுசு முழுக்க இலவசம்" என்றான் கடைப் பையன். வீட்டுக்கு வந்தவன், ஸ்டிக்கின் அமைப்புகளுக்குள் நுழைந்து, வெளியிடத்துச் செயலிகளை நிறுவுவதற்கான அனுமதியை இயக்க முற்பட்டான். எதிர்வீட்டுக் கல்லூரி மாணவி தற்செயலாக அங்கிருந்ததால் தடுத்துவிட்டாள்.

அந்த அனுமதி, வாசற்கதவின் தாழ்ப்பாளைக் கழற்றி வைப்பதற்கு ஒப்பானது. செயலிக் கடையின் சோதனைக்கு உட்படாத எதுவும் அதன் வழியே உள்ளே வரலாம். கட்டணச் சேனல்களைத் திருடித் தரும் செயலி, வங்கி அட்டை விவரங்களை மட்டும் விட்டுவைக்கும் என்பதற்கு யார் பிணை நிற்பது? திருட்டு வழியில் தெய்வ தரிசனம் என்பதிலுள்ள முரண் வேறு.

உண்மையில் இலவசம் என்பது முறையான வழியிலேயே இருக்கிறது. ஸ்டிக்கிலுள்ள யூடியூப் செயலியைத் திறந்து, ரிமோட்டின் ஒலிவாங்கிப் பொத்தானை அழுத்திச் சேனலின் பெயரைச் சொன்னாலே போதும். திருமலை திருப்பதி தேவஸ்தானம் 2008-இல் தொடங்கிய எஸ்.வி.பி.சி. அங்கே கட்டணமின்றிக் கிடைக்கிறது; ஏழுமலையானின் கல்யாண உற்சவத்தை அதில் காணலாம். முன்பு பொதிகை என்றிருந்து 2024 ஜனவரியில் டிடி தமிழ் எனப் பெயர் மாறிய அரசுச் சேனலும் உண்டு. தமிழ்ச் செய்திச் சேனல்கள் பலவும் அவ்வாறே. பிரசார் பாரதி 2024 நவம்பரில் தொடங்கிய 'வேவ்ஸ்' செயலியில், தொடக்கத்திலேயே 65 நேரலைச் சேனல்கள் இருந்தன.

ஓர் எச்சரிக்கை. விசேஷ நாள்களில், பழைய பதிவுகளுக்கு 'நேரலை' என்று தலைப்பிட்டு ஏமாற்றுவோர் உண்டு. தலைப்பை நம்பாமல், வெளியிட்ட சேனல் எது என்று பார்த்து, அதன் சொந்தப் பக்கத்துக்கே சென்று, அங்கே சிவப்பு நேரலைக் குறி உள்ளதா என்று நோக்க வேண்டும். கைப்பேசியின் இணையத்தைப் பகிர்ந்து பார்ப்போர் தெளிவுத்திறனைக் குறைத்துக்கொள்வது நலம். உயர் தெளிவில் ஒரு மணி நேரத்துக்கே ஒரு ஜிபிக்கு மேல் கரைந்துவிடும்.

மாணவி இவையனைத்தையும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழிதித் தந்தாள். தீபத்தன்று மாலை ஆறு மணிக்கு, கேபிள் வைத்திருந்த பக்கத்து வீட்டிலிருந்து "அண்ணாமலையாருக்கு அரோகரா!" என்ற முழக்கம் கேட்டது. இங்கே திரையில் மலை இன்னும் இருண்டிருந்தது. அம்மையார் பதறிப்போனார். "இணையத்தில் வருவது கொஞ்சம் பின்தங்கித்தான் வரும், பாட்டி" என்றாள் மாணவி.

அரை நிமிடம் சென்றிருக்கும். உச்சியில் சுடர் தெரிந்தது. படுத்திருந்தவரின் இடக்கை மெல்ல நெற்றிவரை உயர்ந்தது. தெருவில் எல்லா வாசல்களிலும் விளக்கு எரிந்துகொண்டிருக்க, அம்மையார் அதன் பின்னரே அகலை ஏற்ற எழுந்து சென்றார்.