வயதைக் காட்ட முகத்தைக் கொடுப்பதா?

2025 டிசம்பர் 10ஆம் திகதியிலிருந்து அவுஸ்திரேலியாவில் 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பேஸ்புக், இன்ஸ்டகிராம், டிக்டொக் போன்றவற்றில் கணக்கு வைத்திருக்க முடியாது. தடுக்கத் தவறும் நிறுவனத்துக்கு 49.5 மில்லியன் அவுஸ்திரேலிய டொலர் வரை தண்டம். "இங்கேயும் இப்படி ஒரு சட்டம் வந்தால் எவ்வளவு நல்லது" என்று எங்கள் தெரு உம்மாமார் பேசிக்கொள்கிறார்கள். அந்தப் பயத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். நடுச்சாமத்திலும் பிள்ளையின் கையில் போன் வெளிச்சத்தைப் பார்க்கிற தாய்க்கு வேறென்ன தோன்றும்?

ஆனால் திரைக்கு முன்னால் இருப்பது 14 வயதுப் பிள்ளையா, 40 வயதுப் பெண்ணா என்று நிறுவனத்துக்கு எப்படித் தெரியும்? சந்தேகம் வந்தால் உம்மாவும்தான் தன் வயதை நிரூபிக்கவேண்டும். அடையாள அட்டையைப் படம் பிடித்து அனுப்பலாம். அல்லது கமராவுக்கு முகத்தைக் காட்டலாம், கணினி வயதை மதிப்பிடும்.

"இன்டர்நெட்டில் உன் படத்தைப் போடாதே" என்பதுதான் எங்கள் வீடுகளில் போனோடு சேர்த்துத் தரப்படும் முதல் புத்தி. அதைக் கேட்டு நடந்த பிள்ளைதான் இனி முன்பின் தெரியாத ஒரு நிறுவனத்துக்கு முகத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டவேண்டும். இது எந்த ஊர் நியாயம்?

அடையாள அட்டை இன்னும் மோசம். எங்கள் அட்டையின் 12 இலக்கங்களில் முதல் நான்கும் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் அது அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணென்றால் அதோடு 500 கூட்டப்படும். 2009 ஜனவரி 10ஆம் திகதி பிறந்தவளின் இலக்கம் 2009510 என்று தொடங்கும். பெயரை மறைத்தாலும் இலக்கமே பேசிவிடும்.

போர்க்காலத்தில் தள்ளாடிச் சோதனைச் சாவடியில் அட்டை நீட்டியவர்கள் எங்கள் பெரியவர்கள். எவ்வளவு பயமாக இருந்தாலும் பார்த்து முடிந்ததும் அட்டை கைக்குத் திரும்பி வந்தது. இன்டர்நெட்டில் அனுப்பிய படம் திரும்பி வராது. 2025 ஒக்டோபரில் டிஸ்கோர்ட் நிறுவனம், வயது தொடர்பான முறையீடுகளுக்காக ஆட்கள் அனுப்பிய அடையாள ஆவணப் படங்கள் சுமார் 70,000 பேருடையவை வெளியே போயிருக்கலாம் என்று அறிவித்தது. தவறு நடந்தது அது வேலைக்கு அமர்த்திய இன்னொரு நிறுவனத்தில். அந்த நிறுவனத்தின் பெயரைக்கூட அந்த 70,000 பேரில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பார்கள்?

இன்னொன்று. எங்கள் வீடுகளில் பாதியில் சிம் வாப்பாவின் பெயரில் இருக்கும், போன் நாலு பேர் கையில் சுற்றும். வாப்பாவின் முகத்தைக் காட்டித் திறந்த கணக்கில் தம்பி விளையாடுவான். முகம் போனதுதான் மிச்சம்.

இலங்கையில் 2024ஆம் ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் இருக்கிறது. அது வயதைச் சரிபார்க்கும் சட்டமல்ல. 2022ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பிள்ளைகளின் தரவையும் முகம் போன்ற உயிரியல் தரவையும் விசேட கவனத்துக்குரியவையாகச் சொல்கிறது. ஆனால் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கிய பகுதிகள் பிற்போடப்பட்டன. பூட்டு வாங்குமுன் வாசல் வைக்கச் சொல்கிறோம்.

அவுஸ்திரேலியச் சட்டத்தில்கூட, அரச அடையாள ஆவணத்தை மட்டுமே ஒரே வழியாக வைக்கக்கூடாது, வயது பார்க்க எடுத்த தகவலை வேலை முடிந்ததும் அழிக்கவேண்டும் என்று இருக்கிறது. இங்கே சட்டம் கேட்கும் உம்மாமாரும் வாப்பாமாரும் அதையும் சேர்த்துக் கேளுங்கள். நிறுவனத்துக்குத் தெரியவேண்டியது "16 தாண்டியவர்" அல்லது "தாண்டாதவர்" என்ற ஒரு பதில்தான். பெயரும் பிறந்த நாளும் முகமும் அதற்குத் தேவையில்லை.