சிப் எண்ணிக்கையில் இல்லை சூட்சுமம்

செயற்கை நுண்ணறிவு பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் அடுத்த கேள்வி ‘எத்தனை ஜிபியு?’ என்பதாகவே இருக்கிறது. 2024 மார்ச்சில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த, சுமார் 10,372 கோடி ரூபாய் மதிப்பிலான இந்தியா ஏஐ திட்டம்கூட 10,000 ஜிபியு என்ற எண்ணாகத்தான் பலர் மனதில் பதிந்திருக்கிறது. சிப் வேகமாக இருந்தால் பதில் வேகமாக வரும், நிறைய இருந்தால் நிறையப் பேருக்கு வரும் என்பது நம்பிக்கை. மொழி மாதிரியைப் பயிற்றுவிக்கும் கட்டத்துக்கு இது பெருமளவு பொருந்தும், மறுக்கவில்லை. பயிற்சி முடிந்த மாதிரியைத் தினமும் பதில் சொல்லவைக்கும் கட்டத்தில் இந்த நம்பிக்கை தப்பான இடத்தில் பணத்தைக் கொட்டவைக்கிறது.

லாமா 3 வரிசையில் 800 கோடி அளவுருக்கள் கொண்ட மாதிரியை எடுத்துக்கொள்வோம். 16 பிட் வடிவில் அதன் எடை 16 ஜிகாபைட். ஒரு டோக்கனை, அதாவது ஒரு சொல்லையோ சொல்லின் துண்டையோ எழுத, அந்த 16 ஜிகாபைட்டையும் ஒருமுறை நினைவகத்திலிருந்து வாசித்தாக வேண்டும். 40 ஜிகாபைட் நினைவகம் உள்ள என்விடியா ஏ100 சிப் நொடிக்கு 1,555 ஜிகாபைட் வாசிக்கும். ஆக, வாசிக்க மட்டும் 10 மில்லிநொடி. போடவேண்டிய கணக்கோ சுமார் 1,600 கோடிதான். நொடிக்கு 312 லட்சம் கோடி கணக்கு போடக்கூடிய அந்தச் சிப்புக்கு இது ஒரு மில்லிநொடியில் இருபதில் ஒரு பங்கு வேலை. மிச்ச நேரமெல்லாம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. சும்மா நிற்பதை இரண்டு மடங்கு வேகமாக்கி யாருக்கு என்ன லாபம்? ஒருமுறை வாசித்த எடையை வைத்து ஒரே நேரத்தில் பல பேருக்குப் பதில் எழுதுவதுதான் வழி. எத்தனை பேரைச் சேர்க்கலாம் என்பதை முடிவு செய்வது கேவி கேச்.

வந்துபோன ஒவ்வொரு டோக்கனுக்கும் போட்ட இடைக்கணக்கை, மறுபடி போடாமல் இருக்க, மாதிரி சேர்த்துவைக்கும் இடம் அது. மேற்படி மாதிரியில் டோக்கனுக்கு 128 கிலோபைட். அதற்கு அடுத்துவந்த லாமா 3.1 அனுமதிக்கும் முழு நீளத்துக்கு, 1,31,072 டோக்கனுக்கு, ஒருவர் பேசினால் அவருக்கு மட்டும் 16 ஜிகாபைட். மாதிரியின் எடைக்குச் சமம்! (தமிழில் பேசுபவர் இன்னும் சீக்கிரமே நிரப்பிவிடுவார், ஆங்கிலத்தை மனதில் வைத்துச் செய்த டோக்கன் பிரிப்பான்கள் நம் சொற்களைப் பொடிப்பொடியாக நறுக்குகின்றன.) இந்த இடத்தை மென்பொருள் எப்படிக் கையாண்டது என்பதை பெர்க்லி ஆய்வாளர்கள் 2023இல் அளந்தார்கள். கேவி கேச்சுக்கு ஒதுக்கிய நினைவகத்தில் உண்மையான தரவு இருந்தது 20.4 முதல் 38.2 சதவீதம்தான். காரணம் எளிது. பதில் எவ்வளவு நீளும் என்று முன்கூட்டித் தெரியாது என்பதால், பஸ்ஸில் துண்டு போட்டு வரிசை முழுவதையும் பிடிப்பதுபோல, அதிகபட்ச நீளத்துக்கும் தொடர்ச்சியாக இடம் பிடித்துவைத்தார்கள். அவர்கள் சோதித்த ஓபிடி 13பி மாதிரியில் டோக்கனுக்கு 800 கிலோபைட்; 2,048 டோக்கனுக்கு 1.6 ஜிகாபைட். பத்து வார்த்தையில் முடியும் பதிலுக்கும் அதே ஒதுக்கீடு. அவர்கள் எழுதிய விஎல்எல்எம் மென்பொருள் இடத்தை 16 டோக்கன் கொண்ட கட்டங்களாக வெட்டி, தேவைப்படும்போது ஒவ்வொன்றாகத் தந்தது. எந்தக் கட்டம் யாருடையது என்பதற்கு ஓர் அட்டவணை. மான்செஸ்டரின் அட்லஸ் கணினி 1962லேயே செய்துகாட்டிய பக்கமுறை நினைவகத்தின் வழிதான் இது. சிப்பை மாற்றாமலே, பதிலின் தாமதம் கூடாமலே, இரண்டு முதல் நான்கு மடங்கு கோரிக்கைகளைச் சமாளிக்க முடிந்தது.

இந்த அட்டவணைக்கும் விலை உண்டே என்பார்கள். உண்டு, சிதறிக் கிடக்கும் கட்டங்களைத் தேடிப் படிப்பதால் முந்தைய டோக்கன்களைத் திரும்பிப் பார்க்கும் கவனக் கணக்கீட்டுப் பகுதி மட்டும் 20 முதல் 26 சதவீதம் மெதுவானது. அந்த நஷ்டத்தைக் கழித்த பிறகு நின்றதுதான் மேலே சொன்ன லாபம். நினைவகம் அதிகமுள்ள சிப்பை வாங்கிவிடலாமே என்பது அடுத்த வாதம். முக்கால் பங்கை வீணடிக்கும் மென்பொருள், பெரிய சிப்பிலும் முக்கால் பங்கைத்தான் வீணடிக்கும். கேச்சையே சுருக்கிவிட்டார்களே என்றால், அது என் பக்க வாதம்: லாமா 2இன் 700 கோடி அளவுரு மாதிரியில் டோக்கனுக்கு 512 கிலோபைட்டாக இருந்தது லாமா 3இல் 128 ஆனது வடிவமைப்பால், வன்பொருளால் அல்ல.

வீணடிப்பு நிரலாளர் பக்கத்திலும் நடக்கிறது. பலருக்கும் பொதுவான முன்னுரையை, அதாவது ஒவ்வோர் உரையாடலுக்கும் முன் மாதிரிக்குக் கொடுக்கும் அறிவுறுத்தலை, ஒருமுறை கணக்கிட்டுப் பகிர்ந்துகொள்ள இன்றைய மென்பொருள்களில் வசதி உண்டு. அவற்றில் ஒன்றான லாமா.சிபிபி, கேச்சின் ஒவ்வோர் அறையிலும் அது எந்தெந்த உரையாடலுக்குச் சொந்தம் என்று குறித்துவைக்கிறது. ஒரே அறையைப் பலர் பயன்படுத்தலாம். ஆனால் முன்னுரையின் முதல் வரியில் நொடி வரை நேரத்தைப் போடும் செயலிகள் இருக்கின்றன. தொடக்கத்தில் ஒரு டோக்கன் மாறினால் அதற்குப் பின்னுள்ள கேச் எல்லாம் செல்லாது. மறுபடி முதலிலிருந்து கணக்கு. அந்த வரியைக் கடைசிக்கு நகர்த்த ஐந்து நிமிடம் போதும். அதைச் செய்யாமல் இன்னொரு சிப் கேட்டு விண்ணப்பிக்கிறார்கள்.

அரசுத் துறையோ கல்லூரியோ ஜிபியு வாங்க டெண்டர் விடும் முன், இப்போது கையில் இருப்பதில் கேவி கேச் எத்தனை சதவீதம் உண்மையில் நிரம்பியிருக்கிறது என்ற ஒரு வரியையாவது விண்ணப்பத்தில் கேளுங்கள்.