காரணம் சொல்லாத 'வேண்டாம்'

நாற்பது வயதைக் கடந்த ஒருவர் மருத்துவரிடம் வந்து, "கைகளைத் தரையில் ஊன்றித் தலைகீழாக நிற்கப் பழகலாமா?" என்று கேட்டால், பெரும்பாலும் அவருக்குக் கிடைக்கும் விடை "வேண்டாம்" என்பதே. உடன் வந்திருக்கும் குடும்பத்தினரும் நிம்மதியாகத் தலையசைப்பர். எங்கள் எலும்பு மூட்டு மருத்துவப் பிரிவிலும் சில ஆண்டுகளுக்கு முன்பு வரை இதுவே வழக்கமாக இருந்தது. அந்த விடையின் குறையை எங்களுக்கு உணர்த்தியவர் ஒரு நோயாளி. அவருடைய இசைவுடன், அடையாளம் தவிர்த்து, அதை இங்கே எழுதுகிறோம்.

அவருக்கு அப்போது 46 வயது. நாள் முழுதும் அமர்ந்து பார்க்கும் அலுவலகப் பணி. தோள் இறுக்கத்திற்காக எங்களிடம் சிகிச்சை பெற்று, ஏறக்குறைய குணமாகியிருந்தார். கடைசி நாளில், மகள் செல்லும் யோகா வகுப்பில் மாணவர்கள் கைகளில் நிற்பதைப் பார்த்ததாகவும், தாமும் பழக விரும்புவதாகவும் தயக்கத்துடன் சொன்னார். "இந்த வயதில் இவருக்கு இது தேவையா? நீங்களே சொல்லுங்கள் டாக்டர்" என்றார் அவருடைய மனைவி. நாங்களும் "வேண்டாம்" என்று சொல்லி, அடுத்த நோயாளியை அழைத்தோம்.

மூன்று மாதம் கழித்து அவர் மீண்டும் வந்தார். மணிக்கட்டுக்கு அருகே முன்கை எலும்பு முறிந்திருந்தது. கைப்பேசியில் காணொலிகளைப் பார்த்து, வீட்டார் உறங்கிய பிறகு கூடத்தில் தனியே பழகியிருக்கிறார். கால்களை வேகமாக உதைத்து எழுப்பியபோது நிலை தவறி, பதற்றத்தில் ஒரு கையை ஊன்றி விழுந்திருக்கிறார். 6 வாரம் மாவுக்கட்டு. எங்கள் 'வேண்டாம்' அவர் பழகுவதைத் தடுக்கவில்லை. எங்களிடம் மறுபடி கேட்பதைத்தான் தடுத்திருந்தது. முதல் நாளன்று ஐந்து நிமிடம் ஒதுக்கி, எங்கே தொடங்குவது, எப்படி இறங்குவது என்று சொல்லியிருந்தால் அந்த எலும்பு முறியாமல் இருந்திருக்கக்கூடும்.

'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?' என்ற பழமொழியை நோயாளிகளைவிட மருத்துவர்களாகிய நாங்களே அதிகம் நம்பிவிட்டோமோ என்று தோன்றுகிறது. உடலியல் அவ்வாறு கூறவில்லை. 1990-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 90 வயதை ஒட்டிய முதியோர் சிலருக்கு 8 வாரம் எடைப் பயிற்சி அளித்துப் பார்த்தார்கள். அவர்களுடைய கால் தசையின் வலிமை சராசரியாக இரு மடங்குக்கும் மேல் கூடியது. சுமை ஏற்றினால் தசை எந்த வயதிலும் வலுப்பெறும். ஆனால், வயது ஏற ஏற அதற்கு நாள் பிடிக்கும். தசைக்குக் கிடைக்கும் வலிமை, தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்களுக்கு இன்னும் மெதுவாகவே கிடைக்கும். இரண்டாம் மாதத்தில் 'இனி எல்லாம் முடியும்' என்று தோன்றும்போது மணிக்கட்டில் வலி தொடங்குவதற்கு இதுவே காரணம்.

கோவையைச் சேர்ந்த யோகா ஆசிரியர் நானம்மாள் தொண்ணூறு வயதைக் கடந்தும் ஆசனங்கள் செய்து காட்டியவர். 2018-இல் பத்மஸ்ரீ விருது பெற்றவர். அவரைச் சுட்டிக்காட்டி, "அவரால் முடியும்போது என்னால் முடியாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. நானம்மாள் சிறு வயதிலேயே கற்கத் தொடங்கியவர். நாற்பதில் தொடங்குபவர் தமக்கான அளவுகோலைத் தம் உடலிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

அந்த அளவுகோலில் முதலில் பார்க்க வேண்டியது கண். கண்ணின் உள் அழுத்தம் இயல்பாக 10 முதல் 21 மி.மீ. பாதரச அளவுக்குள் இருக்கும். சிரசாசனம் செய்பவர்களிடம் சென்னைக் கண் மருத்துவர்கள் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், தலைகீழ் நிலையில் அந்த அழுத்தம் ஏறத்தாழ இரு மடங்காக உயர்வது தெரியவந்தது. கைகளில் நிற்கும்போதும் தலை இதயத்திற்குக் கீழே செல்வதால் அதே எச்சரிக்கை பொருந்தும். கிளாக்கோமா எனப்படும் கண் நீர் அழுத்த நோய் உள்ளவர்களும், சர்க்கரை நோயால் விழித்திரை பாதிக்கப்பட்டவர்களும், அண்மையில் கண் அறுவை செய்துகொண்டவர்களும் தலைகீழ் நிலைகளைத் தவிர்க்க வேண்டும். கட்டுப்படாத இரத்த அழுத்தம், முன்பு வந்த பக்கவாதம், அடிக்கடி வரும் தலைச்சுற்றல், எலும்புத் தேய்மானத்தால் எளிதில் முறியும் எலும்பு, இரத்தம் உறையாமல் இருக்க உட்கொள்ளும் மாத்திரை, கருவுற்ற நிலை ஆகியவற்றுக்கும் எங்கள் விடை இன்றும் 'வேண்டாம்' என்பதுதான். ஆனால் இப்போது காரணத்தையும் சேர்த்துச் சொல்கிறோம்.

சிரசாசனமும் கைகளில் நிற்பதும் ஒன்றென்று பலர் கருதுகின்றனர். சிரசாசனத்தில் உடல் எடையின் ஒரு பகுதி தலை வழியாகக் கழுத்தெலும்புகளின் மேல் இறங்குகிறது. கைகளில் நிற்கும்போது கழுத்தின் மேல் அந்தச் சுமை இல்லை. முழு எடையையும் மணிக்கட்டும் முழங்கையும் தோளும் தாங்குகின்றன. அதற்கு மணிக்கட்டு ஏறத்தாழ 90 பாகை பின்னோக்கி மடங்க வேண்டும். கைகள் காதை ஒட்டி நேராக உயர வேண்டும். சுவரில் முதுகைச் சாய்த்து நின்று, இடுப்பை வளைக்காமல் கைகளை மேலே தூக்கிப் பாருங்கள். அவை சுவரைத் தொடவில்லை என்றால், முதல் சில மாதங்களுக்கு உங்கள் பாடம் தோள்தான்.

பழகும் முறையில் விந்தை ஏதும் இல்லை. மணிக்கட்டை மெதுவாக மடக்கி நீட்டித் தயார்செய்தல். பிறகு கை கால்களை ஊன்றி உடலைப் பலகைபோல் நேராகத் தாங்குதல். பிறகு பாதங்களை ஒரு தாழ்ந்த மேடையில் வைத்து, இடுப்பை உயர்த்தி, எடையைக் கைகளுக்கு மாற்றுதல். அதன்பின் வயிறு சுவரைப் பார்க்குமாறு, பாதங்களால் சுவரில் சிறிது சிறிதாக ஏறுதல். ஒவ்வொரு படியிலும் 30 விநாடி அமைதியாக மூச்சுவிட்டுக்கொண்டு நிற்க முடிந்த பிறகே அடுத்த படி. மூச்சை அடக்கினால் இரத்த அழுத்தமும் கண் அழுத்தமும் மேலும் ஏறும். வாரத்தில் மூன்று நாள், நாளுக்குக் கால் மணி நேரம் போதும். சுவரை விட்டுத் தனியே சில விநாடி நிற்பதற்குப் பல மாதங்கள் ஆகலாம். ஓராண்டுக்கு மேலும் ஆகலாம்.

'கரணம் தப்பினால் மரணம்' என்பார்கள். கரணம் தப்பத்தான் செய்யும். தப்பும்போது எப்படி இறங்குவது என்பதை முதலிலேயே கற்க வேண்டும். பின்பக்கம் சாயும்போது ஒரு கையை முன்னே நகர்த்தி, உடலைப் பக்கவாட்டில் திருப்பி, கால்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தரையில் வைக்கும் முறை உண்டு. அதைக் குறைந்த உயரத்தில், பயிற்சியாளர் முன்னிலையில் பலமுறை செய்து உடலுக்குப் பழக்கிய பிறகே கால்களை உதைத்து எழ வேண்டும். எங்கள் நோயாளி கற்காமல் விட்டது இந்த ஒரு பாடத்தைத்தான்.

இவ்வளவு பாடுபட்டு என்ன பயன் என்று கேட்கலாம். தலைகீழாக நின்றால் முடி வளரும், நினைவாற்றல் பெருகும் என்றெல்லாம் நாங்கள் சொல்லமாட்டோம். பயன் எளியது. பெரியவர்கள் வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரை. நம்மில் பலர் நடைப்பயிற்சியோடு நிறுத்திக்கொள்கிறோம். நடப்பது இதயத்திற்கும் கால்களுக்கும் நல்லது. தோளுக்கும் முன்கைக்கும் அதனால் பெரிதாகப் பயனில்லை. பரண்மேல் இருக்கும் பாத்திரத்தை எடுக்கவும், பேருந்தில் மேல்கம்பியைப் பற்றி நிற்கவும் அந்தத் தோள்தான் வேண்டும். இந்த வலிமையைப் பெற எல்லாரும் தலைகீழாக நிற்க வேண்டியதில்லை. முன்பு சொன்ன நோய்கள் உள்ளவர்கள், தங்கள் மருத்துவர் இசைந்தால், நின்றபடியே சுவரில் உள்ளங்கைகளை ஊன்றித் தள்ளும் பயிற்சியைச் செய்யலாம். 'வேண்டாம்' என்று சொல்லும் மருத்துவர் அதற்குப் பதிலாக எதைச் செய்யலாம் என்பதையும் சொல்ல வேண்டும். சொல்லவில்லை என்றால் நீங்கள் கேட்க வேண்டும்.

குடும்பத்தினருக்கும் ஒரு வேண்டுகோள். கேலியும் தடையும் பயிற்சியை நிறுத்துவதில்லை. அதை ஒளிவிடத்திற்குக் கொண்டுபோகின்றன. அருகில் இருங்கள். பழகுபவரின் பக்கவாட்டில் நின்று இடுப்பையோ தொடையையோ தாங்குங்கள். கால்கள் எழும் திசையில் நிற்காதீர்கள். பாதங்களைப் பிடித்து மேலே இழுக்காதீர்கள். பார்வை மங்கினாலும், கண் வலித்தாலும், தலை சுற்றினாலும், கை மரத்தாலும் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் அழைத்து வாருங்கள்.

மாவுக்கட்டு பிரித்த அன்று எங்கள் நோயாளி எதுவும் கேட்கவில்லை. இம்முறை நாங்களே கேட்டோம்: "இன்னும் பழக விருப்பம் உண்டா?" அவர் மனைவியைப் பார்த்தார். கண் பரிசோதனையும் இரத்த அழுத்தப் பரிசோதனையும் முடித்து, மணிக்கட்டு வலுப்பெறும் வரை இயன்முறை மருத்துவரிடம் அனுப்பி, பிறகு மேசை விளிம்பில் கை ஊன்றுவதிலிருந்து தொடங்கினோம். ஓராண்டுக்கும் மேல் ஆகிவிட்டது. இன்று அவர் சுவரோடு அரை நிமிடம் நிற்கிறார். சுவரை விட்டு மூன்று நான்கு விநாடி. பயிற்சி இப்போது மாலை வேளையில், விளக்கொளியில் நடக்கிறது. கைப்பேசியில் விநாடிகளை எண்ணுபவர் அவருடைய மனைவி.